பூச்சைத் தொடாதீர்கள்!

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். எதிரணித் தம்பி என் தலைமுடியைப் பற்றிப் பேசிய நேரத்தையும் என் கணக்கில் கழித்துவிட்டார்கள் போலத் தெரிகிறது. பரவாயில்லை, முடிக்குப் பிறகு வருகிறேன்.

வழக்குப் பொருள் மேசையில் கிடக்கிறது. நம் இசைக்குழுவின் பேஸ் கிற்றார், தாழ்ந்த சுரம் வாசிக்கிற கிற்றார். 1970களில் ஜப்பானில் செய்தது. பூச்சு முழுவதும் வெடிப்பு. வலது முழங்கை படும் இடத்தில் மரமே தெரிகிறது. சுரண்டிப் புதுப் பூச்சு அடிக்க வேண்டும், ஒலியைக் கூட்ட முதுகைக் குடைந்து பற்றரி வைக்க வேண்டும் என்கிறது அந்த அணி. வேண்டாம் என்கிறோம் நாங்கள்.

புதுப் பூச்சு எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயரைச் சொல்லமாட்டேன்; அந்த ஊர்க்காரர்கள் நாலாவது வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடமும் இப்படி ஒரு பழைய பேஸ் இருந்தது. கோயில் திருவிழா வருகிறது, பளபளப்பாக்குவோம் என்று பொடியன்கள் முடிவெடுத்தார்கள். கிற்றார் திருத்துபவரை எங்கே தேடுவது? வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே உழவு இயந்திரத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு இருந்தது. கராஜ்காரர் வேலை சுத்தமானவர். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் ஓர் இடம் விடமாட்டார். உடலுக்கு அடித்தார். கழுத்துக்கு அடித்தார். ஒலியை வாங்கும் பிக்கப்புக்கு அடித்தார். தந்தி முறுக்கும் சாவிகளுக்கு அடித்தார். நடுவர் ஐயா, தந்திகளைக் கழற்றாமல் தந்திகளுக்கும் அடித்தார்!

சிரிக்காதீர்கள், இன்னும் கச்சேரி தொடங்கவில்லை.

இரவு வாசிப்பவர் வெள்ளைச் சட்டையோடு மேடையேறினார். மேலே காய்ந்த பெயிண்ட் உள்ளே காயவில்லை. தலைக்கு மேலே பெரிய விளக்குகள், நல்ல வெக்கை. முதல் பாட்டில் கை மெதுவாக ஒட்டியது. இரண்டாவது பாட்டில் கையை எடுத்தபோது ‘சர்ர்’ என்ற சத்தம் ஒலிவாங்கியில் விழுந்தது. புதுவிதமான தாளம் என்று சனம் கை தட்டியது. மூன்றாவது பாட்டில் சட்டையும் ஒட்டிவிட்டது. கடைசியில் கோயில் தலைவர் பொன்னாடையோடு வந்தார். கலைஞர் எழுந்தார். கிற்றாரை இறக்கி வைக்கப் பார்த்தார். அது இறங்கவில்லை. பொன்னாடை இருவருக்கும் சேர்த்துப் போர்த்தப்பட்டது.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். மறுபடியும் சொல்கிறேன்: பொன்னாடை மனிதனுக்கும் கிற்றாருக்கும் சேர்த்துப் போர்த்தப்பட்டது. போர்த்திய பொன்னாடையும் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போன தலைவரின் கை… வேண்டாம், அவரும் நாலாவது வரிசையில்தான் இருக்கிறார்.

இனி முடி. “தலைக்கு மை பூசி இருபது வயதைக் குறைத்துக்கொண்டு வந்தவர், கிற்றாருக்குப் பூசாதே என்கிறாரே” என்றார் தம்பி. நல்ல அடி. என் மனைவிதான் முதலில் கை தட்டினார். ஆம், பூசியிருக்கிறேன். ஆனால் என் முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்கிறது. பூசியது பிடிக்காவிட்டால் சலூன்காரர் வெட்டி எறிந்துவிடுவார். இந்த மரம் வளருமா? அடுத்தது, மை பூசுமுன் என் தலையை யாரும் அரத்தாளால் தேய்க்கவில்லை. புதுப் பூச்சு பிடிக்க வேண்டுமென்றால் பழையதைத் தேய்த்தாக வேண்டும். தேய்க்கிறபோது விளிம்பின் மரமும் சேர்ந்து போகும். தம்பிக்கு இது விளங்காது. அவருடைய தலை ஏற்கெனவே மெருகேற்றியே வந்திருக்கிறது.

இன்னொன்று, என்னை யாரும் ஏலம் விடப் போவதில்லை. வீட்டில் ஒருமுறை விசாரித்துப் பார்த்தார்கள், கேட்பாரில்லை. பழைய பேஸுக்கு அப்படியா? 1951இல் அமெரிக்கக் கிற்றார் நிறுவனமான ஃபெண்டர், பிரிசிஷன் பேஸ் என்ற கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960இல் அவர்களுடைய ஜாஸ் பேஸ் வந்தது. அந்தக் காலத்து ஃபெண்டருக்கு மறுபூச்சு அடித்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது சந்தையில் எல்லாரும் அறிந்த கணக்கு. “இது ஃபெண்டர் இல்லையே” என்கிறார்கள். சரி, விலைப் பேச்சை விடுகிறேன். தொடங்கியது நான்தான், ஆனாலும் விடுகிறேன்.

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் பிரெட்டுகள், அதாவது குறுக்குக் கம்பிகள், இல்லாத விரற்பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பொக்சிப் பிசினைப் பூசினாரே என்று அக்கா ஒருவர் கேட்டார். பூசினார். உருக்குத் தந்தி மரத்தை அரிக்காமல் காக்கப் பூசினார். உடலின் பூச்சு தேய்ந்த கோலத்திலேயே மேடையேறினார். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழியத் தந்தியைக்கூட மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பழைய தந்தியில்தான் அத்தனை பாட்டும் பிறந்தது.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். அந்தக் கச்சேரிக் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து ஓர் அம்மா, “ஐயோ, பிள்ளைக்கு இரத்தம்” என்று மேடைக்கு ஓடி வந்தார். வெள்ளைச் சட்டையில் சிவப்பு. பெயிண்ட் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் இருந்தார். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஏனென்று வன்னியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த மேசையில் கிடப்பதைப் பாருங்கள். 2008 கடைசியில் ஊரே எழும்பி ஓடியபோது இதை உரப்பையில் சுற்றி வளவுக்குள் புதைத்தார்கள். புதைத்தவர் இதை வாசித்தவர். மீள்குடியேறியபோது தோண்டி எடுத்தது அவருடைய தாய். இடையில் மாரி மழை முழுவதையும் இது மண்ணுக்குள் குடித்தது. எதிரணி அசிங்கம் என்று சொன்ன வெடிப்பெல்லாம் அப்போது வந்தவை. முழங்கை இடத்தில் தேய்ந்திருக்கிறதே, அது அந்தப் பிள்ளையின் கை தேய்த்தது. வீட்டில் அவருடைய படம்கூட மிஞ்சவில்லை. எந்த அரத்தாளை எடுத்துக்கொண்டு இதன் பக்கத்தில் போகப் போகிறீர்கள்?

இதில் தர்க்கம் எங்கே என்று தம்பி கேட்பார். கேட்கட்டும்.

மணி அடித்துவிட்டது. புதுத் தந்தி போடுங்கள். வளைந்த கழுத்தை உள்ளிருக்கும் கம்பியை முறுக்கி நிமிர்த்துங்கள். துருப்பிடித்த வயரை மாற்றுங்கள், அந்தச் செலவை நான் தருகிறேன். பற்றரி வேண்டுமென்றால் வெளியே ஒரு பெட்டியில் வைத்து வயரால் இணையுங்கள். மற்றதெல்லாம் கிடந்தபடி கிடக்கட்டும். நன்றி.