பண்ணையாரா, சொந்தச் சனமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ராபர்ட் ஜோன்ஸ் ஜூனியரின் 'தி ப்ராஃபெட்ஸ்', 2021-ல் வந்த நாவல். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்திப் பண்ணை. அங்கே தொழுவம் பார்க்கிற ஐசாயா, சாமுவேல் என்ற இரண்டு அடிமை இளைஞர்களுக்குள் காதல். அதற்குப் பெரிய பகை பண்ணையாரா, சொந்தச் சனமா என்று கேட்கிறீர்கள். பண்ணையார்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஆமோஸைப் பிடித்து வறுத்தெடுத்துவிட்டார்கள். அவனும் அடிமை, பிரசங்கம் பண்ணி அந்த இருவருக்கும் எதிராகச் சனத்தைத் திருப்பினவன். மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு அந்த வேதத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? பண்ணையார் பால்! ஆமோஸ் நேசித்த எஸ்ஸியைப் பால் சீரழிக்கிறான். தடுக்க இவனிடம் என்ன இருக்கிறது? அவளை விட்டால் போதும் என்றுதான் வேதம் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பாலிடம் போய் நிற்கிறான். அம்மா இந்த இடத்தை மட்டும் லாவகமாகத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சரி, பாலுக்கு இதில் என்ன அக்கறை? கணக்கு நடுவர் அவர்களே, கணக்கு! தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-லேயே வர்ஜீனியாவில் சட்டம் போட்டாயிற்று. அப்பன் பண்ணையாரே ஆனாலும் சரி! 1808-ல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்கத் தடை வந்தது. பருத்தியோ பெருகிக்கொண்டே போகிறது. ஆள் இனி உள்நாட்டில் பிறந்தால்தான் உண்டு. 1860 கணக்கெடுப்பில் மிசிசிப்பியின் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். வாட்டசாட்டமான இரண்டு ஆண்கள் பிள்ளை கொடுக்கவில்லையென்றால் பாலுக்கு நஷ்டம். அதனால்தான் எஸ்ஸியையே ஐசாயாவிடம் அனுப்புகிறான். அவளுக்கும் விருப்பமில்லை, அவனுக்கும் இல்லை; யார் கேட்டார்கள்? பால் நஷ்டம் என்று எழுதினதைத்தான் ஆமோஸ் பாவம் என்று வாசிக்கிறான்.

பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் அதே சனம் அந்த இருவரையும் தங்களில் இருவராகத்தான் வைத்திருந்தது. நாவலில் வருகிற ஆப்பிரிக்க ஊரில் கோசி, எலேவா என்ற இரண்டு ஆண்களை ஊரே கூடிச் சேர்த்துவைக்கிறது. அந்த ஊரைக் குலைத்தது யார்? அடிமை பிடிக்க வந்த வெள்ளைக்காரன்!

கடைசியாக ஒன்று. அந்த இருவரும் அடிபட்டுக் கிடந்தபோது சமையல்காரி மேகிதானே பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து வைத்தியம் பார்த்தாள்? சனம்தான் பகை என்றால் அவளை எந்த அணியில் உட்கார வைப்பீர்கள் அம்மா? நன்றி, வணக்கம்.