தேநீர்க் குவளையின் அடி

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானிய முறையில் சக்கரத்தில் வனையப் பழகுகிறவர்களின் கண் பெரும்பாலும் விளிம்பிலேயே இருக்கும். கெடுவதோ அடியில். அதனால் இந்தப் பேச்சும் அடியைச் சுற்றியே வரும். எடுத்துக்கொண்ட பாத்திரம் யுனோமி, அதாவது கைப்பிடியில்லாத அன்றாடத் தேநீர்க் குவளை.

"மண் பிசைய மூன்று ஆண்டு, சக்கரத்துக்குப் பத்து ஆண்டு" என்று அங்கே சொல்வழக்கு உண்டு. முதல் பிசைவில் ஈரம் சமமாகும். அடுத்தது கிகுநெரி, செவ்வந்திப் பிசைவு. ஒரு கை அழுத்த, மறு கை மண்ணைச் சற்றே திருப்பிக் கொடுக்க, மடிப்புகள் இதழ் இதழாக விழும். ஏறக்குறைய 100 முறை பிசைந்தால் காற்றுக் குமிழிகள் போய்விடும். மடிப்பு ஆழமாகிவிட்டாலோ, வெளியேற வேண்டிய காற்றை நாமே உள்ளே பொதிந்து வைக்கிறோம்.

சக்கரம் வலஞ்சுழியாக ஓடும். ஜப்பானின் மாஷிகோ ஊரில் புகழ்பெற்ற குயவர் ஷோஜி ஹமாதா வனைந்தது, தட்டிலுள்ள குழியில் கோலை மாட்டிச் சுழற்றும் கைச்சக்கரத்தில். நம்மூர்க் குயவரின் சக்கரமும் கோலால் சுழல்வதுதான். பெரிய மண் குவியலின் உச்சியில் ஒவ்வொன்றாக வனைந்து அறுத்தெடுப்பதும் இரண்டு இடத்துக்கும் பொது.

தொடக்கத்துக்கு 3 கிலோ மண் போதும். அதை நடுவில் நிறுத்தி, கூம்பாக உயர்த்தித் தாழ்த்துவதை "மண்ணைக் கொல்லுதல்" என்பார்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம். முழங்கை தொடையிலோ விலாவிலோ ஊன்றியிருக்கட்டும். தாழ்த்தும்போது உச்சி காளான் குடைபோல விரிந்தால், அதனடியில் நீரும் காற்றும் சிக்கிக்கொள்ளும்.

உச்சியில் சுமார் 300 கிராம், ஓர் ஆரஞ்சுப் பழ அளவு உருண்டையைக் கழுத்து நெரித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் குழி தோண்டி, அடியில் 1 சென்டிமீட்டர் கனம் விடுங்கள். இங்கேதான் அவசரம் கூடாது. சுவர் மண் விரல்களுக்கிடையில் நெருங்கி இறுகுகிறது. அடி மண்ணுக்கு அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. கீழே இருப்பதும் முறுக்கேறிய குவியல். போதாக்குறைக்கு உள்ளே நீரும் தேங்கும். காயும்போது அடி அதிகம் சுருங்கி, நடுவில் 'எஸ்' வடிவத்தில் வெடிக்கும். மண் மீது பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றம் மண்ணில் இல்லை. 'கோதே' என்ற மரத்தகட்டால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இரண்டு மூன்று முறை அழுத்தி, பஞ்சால் நீரை ஒற்றி எடுங்கள். அப்புறம்தான் சுவரை உயர்த்த வேண்டும்.

அளவுக்குத் 'தொம்போ'. தும்பி வடிவ மூங்கில் கருவி. குறுக்குக் குச்சி வாயகலத்தையும் நெடுங்குச்சி ஆழத்தையும் காட்டும். மண் 13 சதவீதம் சுருங்குவதானால், சுட்டபின் 8 சென்டிமீட்டர் வாய் வேண்டுமென்றால் 9.2-க்கு வனைய வேண்டும்.

அறுக்கும்போது சக்கரம் மெதுவாகச் சுழலட்டும். நூல் ஒரு சுற்றுச் சுற்றியதும் கிடைமட்டமாக இழுங்கள். கை சாய்ந்தால் அடி சாய்வாக அறுபடும். முதல் சில நாள் வனைந்ததையெல்லாம் கம்பியால் நெட்டுக்குப் பிளந்து பார்ப்பது நல்லது. எங்கே கனம், எங்கே மெலிவு என்று அந்த வெட்டுமுகம் காட்டிவிடும்.

பாதம், அதாவது குவளை நிற்கும் அடிவளையம், செதுக்குவது பிறகு. நகம் பதியும், விரல் பதியாது என்ற பதம் வரவேண்டும். கவிழ்த்து வைத்து, விரலால் தட்டி ஓசையில் கனம் பார்த்து, 'கன்னா' என்ற வளைந்த உளியால் சீவ வேண்டும். மண் அதிகம் காய்ந்தாலோ உளி மழுங்கினாலோ பிடி தளர்ந்தாலோ உளி துள்ளித் துள்ளி வரி விழும். ஓய்தா மாநிலத்தின் ஓந்தா கிராமத்தில் இந்தத் துள்ளலையே அலங்காரமாக்கிவிட்டார்கள். வெள்ளைக் களிமண் குழம்பு பூசிய தட்டைச் சுழலவிட்டு, பழைய கடிகாரச் சுருள்வில்லால் செய்த உளியைத் தளர்வாகப் பிடிக்கிறார்கள். அது துள்ளும் இடமெல்லாம் வெள்ளை பெயர்ந்து, கீழேயுள்ள கருமண் புள்ளி புள்ளியாகத் தெரியும்.