தொண்டை வலியில் தொடங்கி வால்வில் முடியும் நோய்

[திரையில்: வாயைத் திறந்து காட்டும் சிறுமி, சிவந்து வீங்கிய டான்சில்]

வணக்கம். மாரடைப்பு, கொழுப்பு பற்றியெல்லாம் நிறைய வீடியோக்கள் வந்துவிட்டன. இன்று நாம் பார்க்கப்போவது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடிக்கும் இதய நோய். ருமாட்டிக் இதய நோய் என்பார்கள். மாதம் ஓர் ஊசியை விடாமல் போட்டாலே பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய இந்த நோய்க்கு, இன்னும் இளம் வயதுக்காரர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆரம்பம் தொண்டையில். 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளை அதிகம் தாக்கும். திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே வலி, கழுத்தில் நெறி கட்டும். மூக்கொழுகல், இருமல் பொதுவாக இருக்காது. தொண்டை வலி முக்கால்வாசி வைரஸால் வருவது, தானே ஆறிவிடும். ஆனால் இந்த மாதிரி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 9 நாட்களுக்குள் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடுத்த கட்டத்தைத் தடுத்துவிடலாம்.

அந்த அடுத்த கட்டம் இரண்டு, மூன்று வாரம் கழித்து வருகிறது. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்புச் சக்தி, அந்தக் கிருமியின் சாயலில் இருக்கும் நம் சொந்தத் திசுக்களையே தாக்கத் தொடங்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இன்று முழங்கால் வீங்கும், நாளை அது வடிந்து கணுக்கால், அப்புறம் முழங்கை. சில பிள்ளைகளுக்குக் கை கால் தானாகத் துள்ளும். கையெழுத்து கோணலாகும், சாப்பிடும்போது டம்ளர் நழுவும். விளையாட்டுத்தனம் என்று நினைத்து அந்தக் குழந்தையைத் திட்டுகிறார்கள், பாவம்.

[திரையில்: முழங்காலிலிருந்து இதயத்துக்கு நகரும் அம்புக்குறி]

ஆஸ்பிரின் கொடுத்தால் மூட்டு வலி ஓரிரு நாளில் ஓடிவிடும். ஆபத்தே அங்கேதான். 'வலி போச்சு, பிள்ளை ஓடியாடுது' என்று வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 'இந்தக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும்' என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய சொல் உண்டு. மூட்டு பழையபடி ஆகிவிடும், இதயத்துக்குள் கதவு போலத் திறந்து மூடும் வால்வில் விழுந்த தழும்பு போகாது. மறுபடி மறுபடி காய்ச்சல் வரவர அந்தத் தழும்பு தடிக்கும்.

அதிகம் அடிபடுவது இடப்பக்கத்து மைட்ரல் வால்வு. இரட்டைக் கதவு போன்றது. ஆரோக்கியமாக இருந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். ஓரங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றரைக்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பல பெண்களுக்கு இது முதன்முதலில் தெரிவதே கர்ப்ப காலத்தில்தான். அப்போது ரத்த அளவு கிட்டத்தட்ட பாதி கூடிவிடுவதால் சுருங்கிய வால்வு திணறிப்போகும். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் படுத்தால் மூச்சுத் திணறுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் ஆகிறது என்று ஒரு பெண் சொன்னால், 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். உடனே எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்க வேண்டும்.

வழி இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே 1984-இல் வெளியிட்ட பலூன் சிகிச்சையில், தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகப் பலூனைக் கொண்டுபோய் ஒட்டிய வால்வைப் பிரித்துவிடுவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் கர்ப்பிணிக்கும் செய்யலாம். வால்வு ரொம்பக் கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவாக்கிய உள்நாட்டு வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் விடக்கூடாது.

[திரையில்: ஊசி தேதிகள் குறித்த அட்டை]

இவ்வளவு தூரம் போகாமல் காப்பது பென்சாத்தைன் பென்சிலின் ஊசி. 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, இடுப்புத் தசையில். பால் மாதிரிக் கெட்டியான மருந்து, வலிக்கத்தான் செய்யும். ருமாட்டிக் காய்ச்சல் வந்தும் இதயம் பாதிக்கப்படாத பிள்ளைக்கே குறைந்தது 5 ஆண்டு போட வேண்டும். வால்வு பாதித்திருந்தால் 10 ஆண்டோ அதற்கு மேலோ ஆகும், சிலருக்கு ஆயுள் முழுக்க. நிறுத்துவதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்னொன்று, ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்ஓ (இந்தக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்) அளவு கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பல வருடம் ஊசி போடுவதும் தவறு. அந்தக் கிருமி எப்போதோ வந்துபோனதை மட்டுமே அது காட்டும்.

பல்லைப் பிடுங்கப் போனால் வால்வு நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி இரண்டு, மூன்று தவறிப்போயிருந்தால் 'இத்தனை நாள் எங்கே போனீங்க' என்று திட்டுவார்களோ எனப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள், அன்றிலிருந்து தொடரலாம்.