மரபணு ஆய்வு ஏழை நாட்டுக்கு ஆடம்பரமா? இல்லவே இல்லை!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஏழை நாடுகள் மரபணு ஆய்வில் பணம் போடுவது அவசியமா, ஆடம்பரமா என்பது தலைப்பு. அவசியம் என்று பேச வந்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் டிஎன்ஏவைப் படித்து என்ன கிழிக்கப் போகிறீர்கள் என்று எதிரணித் தலைவர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். சரி, அதே ஊருக்கு மாத்திரை போகிறதே, அந்த மாத்திரையின் அளவை யார் உடம்பில் பார்த்து முடிவு செய்தார்கள் என்று அவர் கேட்டாரா?

ஜிம்பாப்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் என்று ஒரு மருந்து, முன்பு தினம் 600 மில்லிகிராம் கொடுத்தார்கள். அதைக் கல்லீரலில் உடைக்கும் நொதிக்கான மரபணு சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். மருந்து உடையாமல் ரத்தத்தில் தேங்கிவிடும். அப்புறம் தலைசுற்றல், கொடுங்கனவு, இல்லாத உருவம் கண்ணில் தெரிவது, மனச்சோர்வு. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும். அந்த நாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வகை மரபணு இருக்கிறது, அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம் என்று காலன் மசிமிரெம்ப்வா என்ற ஜிம்பாப்வே விஞ்ஞானியின் குழு 2008-லேயே எழுதியது. அதன் பிறகும் பல வருடம் எல்லோருக்கும் ஒரே 600 தான் போனது. 400 மில்லிகிராமே அதே அளவு வேலை செய்கிறது என்று 2014-ல் பல நாடுகளில் நடந்த பெரிய சோதனை காட்டியது. குறைந்த மருந்து என்றால் குறைந்த செலவு, நடுவர் அவர்களே! ஆடம்பரம் எது, சொல்லுங்கள்?

விஞ்ஞானி இருந்தால் மட்டும் போதாது, அவர் சொல்வதைக் கேட்க ஒரு கொள்கையும் வேண்டும். தாய்லாந்தில் அது நடந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மலிவான, நல்ல மருந்து. ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்கள் சிலருக்கு அதைச் சாப்பிட்டதும் தீக்காயம் பட்டதுபோலத் தோல் கொப்பளித்து உரியும், வாயும் கண்ணும் புண்ணாகும், உயிரே போகலாம். ஐரோப்பியர்களிடம் அந்த வகை மிக அரிது, தென்கிழக்கு ஆசியாவில் சாதாரணம். ஐரோப்பியர்களை மட்டும் சோதித்திருந்தால் கண்ணில் பட்டிருக்குமா? தாய்லாந்து அந்தப் பரிசோதனையை அரசுக் காப்பீட்டிலேயே சேர்த்துவிட்டது. மரபணு மாறப்போவதில்லை, ஆகவே வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

2021 நவம்பரில் கொரோனா வைரஸின் மரபணுவைப் படித்து, ஒமிக்ரான் என்ற புது வகையை உலகத்துக்குச் சொன்னது யார்? போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும். எச்ஐவிக்காக வளர்த்த ஆய்வகங்களும் ஆட்களும் அன்று கைகொடுத்தார்கள். பதிலுக்கு அந்த நாடுகளுக்குக் கிடைத்தது பயணத் தடை! அதனால்தான் எதிரணி நண்பர், கண்டுபிடித்து என்ன லாபம் என்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அதற்குத் தீர்வு ஆய்வகத்தை மூடுவதல்ல, பேரம் பேசுவது. இந்தோனேசியா செய்ததே! பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரியை நாங்கள் தருகிறோம், அதில் செய்த தடுப்பூசியை எங்களால் வாங்க முடியவில்லை என்று 2007-ல் மாதிரி அனுப்புவதையே நிறுத்தியது. நாலு வருடம் இழுபறி. 2011-ல் உலக சுகாதார அமைப்பில், மாதிரி கொடுக்கும் நாடுகளுக்கும் பலன் போக வேண்டும் என்ற உடன்பாடு வந்தது. அது ஃப்ளூ வைரஸுக்கு மட்டும்தான். மற்ற கிருமிகளுக்கும், நம் ரத்த மாதிரிகளுக்கும் அதே பேச்சை உட்கார்ந்து பேச ஏழை நாடுகளுக்குச் சொந்த ஆய்வகமும் சொந்த விஞ்ஞானிகளும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன், நடுவர் அவர்களே.