கட்டுவிரியன் கடித்தால் நரம்பு முனைக்கு என்ன ஆகிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சுமார் 58,000 உயிர். கடிக்கும் பாம்புகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்: கட்டுவிரியன்.

இது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. வலி குறைவு, வீக்கமும் இருக்காது. பலருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி வரும். அப்புறம் இமை தூக்க வராது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும்.

காரணம் நரம்பு முனையில் இருக்கிறது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் உண்டு. அவை வெடித்துக் கொட்டினால்தான் தசை அசையும். விஷத்தில் உள்ள பீட்டா பங்காரோடாக்சின் என்ற நச்சு நொதி அந்த முனையைப் பற்றிக்கொண்டு, செல் சவ்வின் பாஸ்போலிபிட் என்ற கொழுப்புகளை வெட்டுகிறது. சவ்வு உருக்குலைகிறது. நுண்பைகள் கொட்டித் தீர்ந்துவிடும், மறுபடி நிரம்பாது. கால்சியம் உள்ளே பாய்ந்து, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்க, முனையே அழிகிறது. இத்தாலியின் படுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இன்னொன்றையும் காட்டினார்கள். நச்சே வேண்டாம், வெட்டுப்பட்ட கொழுப்புத் துண்டுகளை மட்டும் நரம்புசெல்கள்மேல் இட்டாலும் அதேபோன்ற சேதம் வருகிறது.

அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நச்சைப் பிடிக்கும். சிதைந்த முனையை ஒட்டவைக்காது. நல்லபாம்புக் கடிக்கு உதவும் நியோஸ்டிக்மின் என்ற மருந்தும் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. நல்லபாம்பின் விஷம் தசைப்பக்கத்து வாயிலை அடைக்கிறது, இதுவோ அனுப்பும் பக்கத்தையே அழிக்கிறது.

சரி, தாமதமாக வந்தவரைக் கைவிடுவதா? கூடவே கூடாது. அழிவது முனை மட்டும்தான். தண்டுவடத்தில் இருக்கும் நரம்புசெல்லின் உடல் உயிரோடு இருக்கிறது. முனையைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்கள் சிதைவுகளை அகற்றி, வளரச்சொல்லிச் சமிக்ஞையும் தருகின்றன. சில நாட்களிலோ வாரங்களிலோ முனை மீண்டும் முளைக்கும். அதுவரை வென்டிலேட்டர் மூச்சைக் காத்தால் போதும். கண்பாவை அசையாமல், கைகால் துவண்டு கிடப்பவரைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து இந்தக் கடியில் உண்டு. அவர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிடக்கலாம். மருத்துவ மாணவர்கள் இதை மறக்கவே கூடாது.

சவ்வை வெட்டும் அந்த நொதியை நேரடியாகத் தடுக்கும் வாரெஸ்ப்ளாடிப் என்ற மருந்து இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. விழுங்கும் மருந்து என்பதால், நிரூபணமானால் கடிபட்ட இடத்திலேயே கொடுக்கலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை. இப்போதைக்கு நம் கையில் இருப்பது விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தை, 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருபவர்கள் இருளர் பழங்குடியினர். இந்த நாடு அவர்களுக்குப் போதிய நன்றி சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் கொசுவலையை மெத்தைக்கடியில் இறுகச் செருகிப் படுங்கள். காலையில் யாருக்காவது காரணமில்லாத வயிற்றுவலியும் இமைத்தொங்கலும் கண்டால், கடித்த தடத்தைத் தேடி நேரம் கடத்தாதீர்கள். கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 108ஐ அழைத்து, வென்டிலேட்டர் உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.