எல்லோருக்கும் ஒரே அளவு கரண்ட் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். மார்பகத்தில் வந்த கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, "அப்புறம் கரண்ட் வைக்கணும்" என்பார்கள் இல்லையா, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முன்பு 25 நாளில் 50 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), பிறகு 15 நாளில் 40, இப்போது பல இடங்களில் 5 நாளில் 26. நாட்கள் குறைந்தது நல்லதுதான், ஆனால் கட்டியின் சுபாவம் என்ன என்று கேட்காமலேயே பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே கணக்குதான் இன்னமும். இந்தச் சிகிச்சையின் பலனில் எனக்குச் சந்தேகமே இல்லை. 10,801 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்புவது 35 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்தது. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், கரண்ட் வைக்காதவர்களிலும் 100க்கு 65 பேருக்கு நோய் திரும்பவில்லை. அந்த 65 பேர் யார் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதைத்தான் கட்டியின் மரபணுக்களிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மாஃபிட் புற்றுநோய் மையத்தினர் 10 மரபணுக்களை அளந்து, அந்தக் கட்டி கதிருக்கு எவ்வளவு அடங்கும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப டோஸைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். அழகான யோசனை, ஆனால் அதை வைத்து இன்றே டோஸை மாற்றும் நிலைக்கு நாம் வரவில்லை.

யாருக்குக் கரண்டே வேண்டாம் என்பதில் இன்னும் வேகமாக முன்னேறியிருக்கிறார்கள். ஐடியா என்ற ஆய்வில், 50 முதல் 69 வயதுவரை, மாதவிடாய் நின்ற, சிறிய கட்டியும், நோய் திரும்பும் வாய்ப்பைக் கட்டியின் மரபணுக்களை வைத்துச் சொல்லும் ஆன்கோடைப் சோதனையில் மதிப்பெண் 18 அல்லது அதற்குக் கீழும் உள்ள பெண்களுக்குக் கதிர்வீச்சு தரவில்லை. ஐந்தாண்டில் 99 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட ஒப்புக்கொண்டவர்கள். மாத்திரையைப் பாதியில் விட்டால் இந்தக் கணக்கே செல்லாது, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். ஹார்மோனால் வளரும் இந்த வகைப் புற்று பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்பும் என்பதால் ஐந்தாண்டுக் கணக்கு மட்டும் போதாது.

மரபணுச் சோதனைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். அதனால் எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் லூமினா ஆய்வு. 55 வயதும் அதற்கு மேலும் ஆன, சிறிய கட்டியுள்ள 500 பெண்களைத் தேர்ந்தெடுக்க, பயாப்ஸி லேபில் செய்கிற சாயச் சோதனைகளே போதுமாக இருந்தன. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 அதில் முக்கியமானது. கதிர்வீச்சு இல்லாமல், மாத்திரையோடு மட்டும், ஐந்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது 2.3 சதவீதம் பேருக்குத்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், பயாப்ஸி அறிக்கையில் அந்தக் கேஐ-67 எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கரண்ட் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.