பொன்னாடைக்குப் பதில் ஒரு வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நண்பர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் என்னைப் போல ஓய்வுபெற்ற மருத்துவர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் வேலை பார்த்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் பெயரில் வருடத்துக்கு ஒரு நினைவுச் சொற்பொழிவு வைக்கலாம், முதல் உரையை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார்கள். சரி, என்ன பேசட்டும் என்று கேட்டேன். "அவர் எவரெஸ்ட் ஏறினதைப் பேசுங்க டாக்டர், கூட்டம் நல்லா கேட்கும்" என்றார் ஒருவர்.

கூட்டம் கேட்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 1924 ஜூன் 4-ஆம் தேதி சோமர்வெல்லும் அவரோடு போன நார்ட்டனும் எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இருமல் தாங்காமல் சோமர்வெல் ஓரிடத்தில் நின்றுவிட்டார். நார்ட்டன் மட்டும் தொடர்ந்து 28,126 அடி வரை போனார். இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையை ஏதோ அடைத்துக்கொண்டது, மூச்சு நின்றுவிட்டது. பனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தன் நெஞ்சைத் தானே அழுத்தி, கடைசி முயற்சியாக ஒரு இருமல். ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது அவருடைய குரல்வளையின் உள்தோல். அப்புறம் எழுந்து நடந்தார்.

நினைவுச் சொற்பொழிவில் எவரெஸ்டுக்கு இவ்வளவு போதும் என்பது என் கருத்து. 1922-இல் முதல் தடவை மலையேறிவிட்டு ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் அத்தனை நோயாளிகளுக்கு நடுவே ஒரே ஒரு அறுவை மருத்துவர் திணறுவதைப் பார்த்து இங்கேயே தங்க முடிவு செய்தார். லண்டனில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. இங்கே இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் சொல்லிக்கொடுத்து, 1961-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

ஒன்று சொல்ல வேண்டும். நெய்யூரில் மருத்துவம் கற்பிக்கும் வழக்கம் சோமர்வெல்லோடு தொடங்கியதல்ல. 1861-இல் வந்த ஜான் லோ என்ற மருத்துவர் உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வகுப்பு நடத்தினார். அவர்கள் படித்துவிட்டுச் சுற்றுவட்டாரக் கிளை மருந்தகங்களைப் பார்த்துக்கொண்டார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் மருத்துவப் பள்ளி தொடங்கியதே 1918-இல்தான். ஆசாரிப்பள்ளத்தில் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி வர 2001 ஆயிற்று. திங்கள்சந்தைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இதையெல்லாம் யார் நினைக்கிறோம்?

நான் இருந்து பார்த்த ஒரு நினைவுச் சொற்பொழிவைச் சொல்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். குத்துவிளக்கு, வரவேற்பு, மேடையில் இருந்த பதினொரு பேருக்கும் பொன்னாடை. சிறப்புப் பேச்சாளர் மைக் முன்னால் வந்து நின்றபோது சாப்பாட்டு மணம் அரங்கத்துக்குள் வந்துவிட்டது. அவர் பதினைந்து நிமிடம் பேசினார், அத்தனையும் ஆங்கிலத்தில். யார் நினைவாகக் கூடியிருந்தோமோ அந்த ஆசிரியர் "மாமனிதர்" என்று தெரிந்துகொண்டோம். அவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால் நண்பர்களிடம் சொன்னேன்: நான் ஒரு வகுப்பு எடுக்கிறேன், வயிற்றுப்புண் பற்றி.

காரணம் என் பாட்டா, அதாவது தாத்தா. நெஞ்சுக்குழிக்குக் கீழே அவருக்கு ஒரு நீளத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. "நெய்யூரில் கீறியது" என்பார். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்புமாம். எழுந்து பழங்கஞ்சி குடித்தால் தணியும். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்ப வரும். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வரும் முன்சிறுகுடல் புண்ணுக்கு இதைவிட நல்ல விவரிப்பைப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை.

அந்தக் காலத் திருவிதாங்கூரில் இந்த நோய் அவ்வளவு பரவலாக இருந்தது. புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் சுருங்கிவிடும். சாப்பிட்டது கீழே இறங்காமல் வாந்தியாகும். ஆள் எலும்பும் தோலும் ஆகிவிடுவார். சோமர்வெல் செய்த அறுவையின் கருத்து எளிது. அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புதிதாக ஒரு வாசல் திறந்து, கொஞ்சம் தள்ளியிருக்கும் சிறுகுடலோடு நேராகத் தைத்துவிடுவது. சாலையில் பாலம் உடைந்தால் பக்கத்தில் மாற்றுப்பாதை போடுகிறோமே, அதுதான். பலர் பிழைத்தார்கள். சிலருக்குத் தைத்த இடத்திலேயே மறுபடி புண் வந்ததும் உண்டு.

அவர் அறுத்ததோடு நிற்கவில்லை, ஏன் இங்கே இவ்வளவு பேருக்கு என்று கேட்டார். 1936-இல் அவரும் ஓர் (Orr) என்ற பெயருடைய மருத்துவரும் சேர்ந்து தென்னிந்திய வயிற்றுப்புண் பற்றி எழுதிய கட்டுரை பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் வந்தது. அன்றைக்குச் சந்தேகம் உணவின் மேல் விழுந்தது. இந்த ஊரில் உணவு என்றால் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும்தானே! எங்கள் வீட்டில் பாட்டா மட்டும் சாகும்வரை மரச்சீனி தொடவில்லை.

சோமர்வெல் 1975-இல் காலமானார். ஏழு வருடம் கழித்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி. புண்ணுக்குக் காரணம் இதுதான் என்றதை யாரும் எளிதில் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையை வீங்க வைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. மரச்சீனி மேல் இருந்த பழி பெரும்பாலும் நீங்கியது. பாட்டாவுக்குக் கத்தி வைத்த நோய்க்கு இப்போது பெரும்பாலும் இரண்டு வார மாத்திரை போதும்.

இதை மேடையில் சொன்னால் அவர் பெயருக்குக் குறைவு வராதா என்று ஒரு நண்பர் தயங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவர் வேலை பார்த்த ஊரிலேயே சொல்வதைவிடப் பெரிய மாலை எதைப் போட?

வகுப்பு என்றால் இன்றைய பாடமும் வேண்டும். இப்போது கிருமியோடு இன்னொரு குற்றவாளியும் இருக்கிறது. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரை. அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும், சத்தமில்லாமல் ரத்தம் கசிய வைக்கும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொற்பொழிவில் இதைத் தமிழில்தான் சொல்லப்போகிறேன். மருத்துவ மாணவர்கள் முன்வரிசையில் இருக்கட்டும். பக்கத்திலேயே மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவும் இருக்கட்டும். கேள்வி நேரம் பேச்சைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

நண்பர்கள் ஒத்துக்கொண்டார்கள். பொன்னாடை கிடையாது. குத்துவிளக்குக்கு மட்டும் ஐந்து நிமிடம் கேட்டார்கள். மூன்று நிமிடத்தில் பேசி முடித்தோம்.

வணக்கம்.